கார்பன் பிடிப்பு ஆலைகளும் அமைன் கசிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனல்மின் நிலையம், சிமென்ட் ஆலை, குப்பை எரிக்கும் ஆலை போன்றவற்றின் புகையிலிருந்து கரியமிலவாயுவைப் பிரித்தெடுத்து நிலத்தடியில் செலுத்தும் திட்டங்கள் உலகில் வேகம் பிடித்திருக்கின்றன. நார்வேயின் பிரெவிக் நகரில் உள்ள சிமென்ட் ஆலையில் 2025 ஜூனில் திறக்கப்பட்ட பிரிவு ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் திறன் கொண்டது. இப்படிப்பட்ட ஆலைகளில் பெரும்பாலானவை அமைன் என்ற வேதிப்பொருளை நம்பித்தான் ஓடுகின்றன. அதில் ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. அதனால் மனிதருக்கும் மண்ணுக்கும் நீருக்கும் என்ன ஆகும் என்பதே இந்தப் பக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஆபத்தைக் கட்டுப்படுத்த முடியும். ஆனால் அளக்க வேண்டும், அளந்ததை ஊராருக்குக் காட்டவும் வேண்டும். இந்த இரண்டும் நடக்காத இடத்தில் "பாதுகாப்பானது" என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை.

அமைன் என்றால் என்ன? கார்பன் பிடிப்பில் அதற்கு என்ன வேலை?

அம்மோனியாவின் குடும்பத்தைச் சேர்ந்த சேர்மங்கள் அமைன்கள். அழுகிய மீனின் வாடையே சில எளிய அமைன்களால் வருவதுதான். கார்பன் பிடிப்பில் அதிகம் ஆராயப்பட்டது மோனோஎத்தனால் அமைன், சுருக்கமாக எம்.இ.ஏ. அதைச் சுமார் 30 சதவீதம் தண்ணீரில் கலந்து, உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து வழியவிடுவார்கள். சுமார் 40 டிகிரிக்குக் குளிர்வித்த புகை கீழிருந்து மேலேறும். வழியில் கரைசல் கரியமிலவாயுவைப் பற்றிக்கொள்ளும். இந்தக் கோபுரத்துக்கு அப்சார்பர் என்று பெயர். அடுத்து ஸ்ட்ரிப்பர் என்ற இன்னொரு கோபுரத்தில் கரைசலைச் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால், பிடித்த வாயுவை விட்டுவிடும். கரைசல் திரும்ப முதல் கோபுரத்துக்குப் போகும்.

முறை புதிதல்ல. இயற்கை எரிவாயுவைச் சுத்தம் செய்ய அமெரிக்காவில் 1930-லேயே இதற்குக் காப்புரிமை கொடுத்தாகிவிட்டது. ஆனால் அங்கே வாயு மூடிய குழாய்க்குள்ளேயே போனது. இப்போது அதே கரைசல் திறந்த புகைபோக்கிக்கு நேர் கீழே ஓடுகிறது. கவலை இங்கேதான் தொடங்குகிறது.

சுற்றிச் சுற்றி ஓடும் கரைசல் எப்படி வெளியே போகும்?

மூன்று வழிகள் உண்டு. ஆவியாகப் போவது ஒன்று, புகையின் வேகத்தில் துளிகளாக அடித்துச் செல்லப்படுவது இன்னொன்று. இவை இரண்டையும் அப்சார்பரின் உச்சியில் தண்ணீரால் கழுவும் அடுக்குகளும் துளி வடிகட்டிகளும் பெருமளவு தடுத்துவிடும்.

மூன்றாவது வழி மிக நுண்ணிய மூடுபனி. புகையில் கந்தக அமிலத் திவலைகளோ மிக நுண்ணிய தூசியோ இருந்தால், அவற்றின் மேல் நீரும் அமைனும் படிந்து ஒரு மைக்ரானுக்கும் குறைவான துகள்கள் உருவாகின்றன. தண்ணீரால் கழுவினால் இவை சிக்காது. பார்ப்பதற்கு ஆலை வழக்கம்போலவே ஓடிக்கொண்டிருக்கும். அமைன் வெளியேற்றமோ பல மடங்காக எகிறியிருக்கும். நார்வேயின் மொங்ஸ்டாட் சோதனை மையத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் புகையைப் பயன்படுத்தும்போது, இதற்காகவே அப்சார்பருக்கு முன்னால் தனி வடிகட்டி பொருத்த வேண்டி வந்தது.

ஒரு டன் கரியமிலவாயுவுக்கு ஒன்றரை கிலோ அமைன் தீர்ந்துபோகிறது என்கிறார்களே, அவ்வளவும் காற்றிலா போகிறது?

இல்லை. எம்.இ.ஏ. பயன்படுத்தும் ஆலைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு அது. ஆனால் அதில் பெரும்பகுதி ஆலைக்குள்ளேயே சிதைந்து கழிவாக மாறுவது. நன்றாக இயங்கும் ஆலையில் காற்றுக்குப் போவது அதில் சிறு பங்குதான். இரண்டையும் குழப்பி "ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் விஷம் காற்றில்" என்று எழுதப்படும் கட்டுரைகளைப் பார்க்கிறேன். நியாயமான கேள்வியைத் தவறான எண்ணோடு கேட்டால், அந்த எண்ணை மட்டும் மறுத்துவிட்டு நிறுவனம் தப்பித்துக்கொள்ளும்.

சரி, அமைனை நேரடியாகச் சுவாசித்தால் என்ன ஆகும்?

எம்.இ.ஏ. காரத்தன்மை கொண்டது. அடர்த்தியான திரவம் தோலையும் கண்ணையும் அரிக்கும், ஆவி மூச்சுக்குழாயை எரிக்கும். தொழிலிடங்களில் 8 மணி நேர வேலைக்கு 3 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 3 பங்கு) என்பது அமெரிக்க வரம்பு. ஆகவே கரைசலை நிரப்புவோர், பம்பைப் பழுதுபார்ப்போர், மாதிரி எடுப்போர் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் வேலை செய்யக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும்.

ஆலைக்கு வெளியே வசிப்பவர்களைப் பொறுத்தவரை எம்.இ.ஏ. அவ்வளவு பெரிய கவலை இல்லை. காற்றில் மிக நீர்த்துப்போகும், மண்ணிலும் நீரிலும் நுண்ணுயிர்கள் அதைச் சாப்பிட்டுவிடும். தலைமுடிச் சாயங்களிலும் துப்புரவுத் திரவங்களிலும்கூட அது இருக்கிறது. உண்மையான கேள்வி, அது எதுவாக மாறுகிறது என்பதுதான்.

நைட்ரோசமைன் என்று பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் எப்போதும் இருக்கும். அவற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு கரைசலில் கரைந்து நைட்ரைட் ஆகிறது. அது இரண்டாம்நிலை அமைன்களோடு (நைட்ரஜனில் இரண்டு கார்பன் கிளைகள் ஒட்டியவை) சேர்ந்தால், குறிப்பாக ஸ்ட்ரிப்பரின் சூட்டில், நைட்ரோசமைன் பிறக்கிறது. எம்.இ.ஏ. ஒரே கிளை கொண்ட முதல்நிலை அமைன் என்பதால் நிலையான நைட்ரோசமைனைத் தானே தராது. ஆனால் அது சிதையும்போது உண்டாகும் பொருள்களில் இரண்டாம்நிலை அமைன்கள் இருக்கின்றன, அவை தரும். வாயுவைப் பிடிக்கப் பயன்படும் வேறு கரைப்பான்களில், பைப்பரசின் போன்ற இரண்டாம்நிலை அமைன்கள் நேரடியாகவே தரும்.

இந்தக் குடும்பத்தில் மிகவும் அறியப்பட்டது என்.டி.எம்.ஏ. அது எலிகளுக்குக் கல்லீரல் கட்டி உண்டாக்குவதை 1956-ல் பிரிட்டனைச் சேர்ந்த மகீ, பார்ன்ஸ் என்ற இருவர் காட்டினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்" என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. ரானிடிடின் மாத்திரை நினைவிருக்கிறதா? நம் வீடுகளில் வயிற்றெரிச்சலுக்குச் சர்வசாதாரணமாகப் போட்ட மருந்து. 2020-ல் அமெரிக்காவில் அது சந்தையிலிருந்து முழுதாக விலக்கப்பட்டது இதே என்.டி.எம்.ஏ.வால்தான்.

நைட்ரோசமைன் கரைசலில் உருவாகிவிட்டாலே காற்றுக்கு வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. எம்.இ.ஏ. கரைசலில் உருவாகும் நைட்ரோசமைன்களில் பல எளிதில் ஆவியாகாதவை. கரைசலிலேயே தங்கி, கடைசியில் கழிவோடு போகின்றன. ஆவியாகக்கூடிய சிலவும், மூடுபனியில் ஒட்டிப்போகும் துளிகளும்தான் புகைபோக்கி வழியே வெளிவரும்.

நைட்ரமைன் என்பதும் அதுதானா?

உறவுக்காரர், ஆனால் குணம் வேறு. வெளியேறிய அமைன் பகல் வெளிச்சத்தில் காற்றோடு வினைபுரியும்போது, அதில் ஒரு சிறு பங்கு நைட்ரமைனாகிறது. சுற்றுக்காற்றில் வாகனப் புகையும் ஆலைப் புகையும் அதிகமாக இருந்தால் அந்தப் பங்கு கூடும். நைட்ரோசமைனை வெயில் சிதைத்துவிடும்; நண்பகல் சூரியனில் என்.டி.எம்.ஏ. சில நிமிடங்களில் பாதியாகிவிடுகிறது. நைட்ரமைன் அப்படிச் சிதையாமல் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிறது. என்.டி.எம்.ஏ. அளவுக்கு வீரியம் இல்லாதது என்றுதான் பொதுவாகக் கருதப்படுகிறது, ஆனால் அதைப்பற்றிய நச்சியல் ஆய்வுகள் மிகக் குறைவு.

"நம் ஊரில் வெயில் இருக்கிறதே, எல்லாம் அழிந்துவிடும்" என்று சொல்பவர்களுக்கும் இதுதான் பதில். வெயில் உதவுவது பாதிக் கதையில்தான். மீதிப் பாதியில் அதே வெயில்தான் அமைனை நைட்ரமைனாக்குகிறது. இரவிலோ சூரியன் இல்லை.

இதைப்பற்றி எந்த நாடாவது உருப்படியாக ஆராய்ந்ததா?

நார்வே ஆராய்ந்தது. இந்த விஷயத்தில் உலகம் அந்த நாட்டுக்குக் கடன்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

2007 புத்தாண்டு உரையில் அன்றைய பிரதமர் ஜென்ஸ் ஸ்டோல்டென்பெர்க், மேற்குக் கடற்கரையில் பெர்கனுக்கு வடக்கே உள்ள மொங்ஸ்டாடில் கார்பன் பிடிப்பு அமையும் என்றும், அதுவே நார்வேயின் "நிலவுப் பயணம்" என்றும் அறிவித்தார். சுத்திகரிப்பு ஆலை அங்கே இருந்தது, அதை ஒட்டி எரிவாயு மின்நிலையமும் வரவிருந்தது. திட்டம் நகரத் தொடங்கியதும், வெளியேறும் அமைன் பனியிலும் ஏரியிலும் குடிநீரிலும் போய் என்ன ஆகும் என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். அப்போது கையில் தரவே இல்லை. நார்வே காற்று ஆய்வு நிறுவனமான நிலு, ஓஸ்லோ பல்கலைக்கழகம் உள்ளிட்டவை அமைன் காற்றில் சிதையும் விதத்தை ஒவ்வொரு சேர்மமாக எடுத்து அளந்தன. முழு அளவுத் திட்டம் தள்ளிப்போனதற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம்.

2011-ல் நார்வேயின் பொது சுகாதார நிறுவனம் ஒரு வரம்பைப் பரிந்துரைத்தது: நைட்ரோசமைன், நைட்ரமைன் எல்லாம் சேர்த்து, காற்றில் கன மீட்டருக்கு 0.3 நானோகிராம், குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராம். நைட்ரமைனைப்பற்றிப் போதிய தரவு இல்லாததால், எல்லாவற்றையும் மோசமான என்.டி.எம்.ஏ.வாகவே வைத்துக் கணக்கிட்டார்கள். எதிலும் சந்தேகம் இருந்தால் சந்தேகத்தின் பலன் மூச்சு விடுபவனுக்கே. எனக்கு மிகப் பிடித்த முடிவு இது.

2012 மே மாதம் மொங்ஸ்டாட் சோதனை மையம் திறக்கப்பட்டது. முழு அளவு ஆலை 2013-ல் கைவிடப்பட்டது. அதன் முக்கியக் காரணம் செலவு. சோதனை மையம் மட்டும் தொடர்ந்து ஓடி, எம்.இ.ஏ. சோதனைகளின் வெளியேற்ற அளவுகளைப் பகிரங்கமாக வெளியிட்டது. கழுவும் அடுக்குகள் ஒழுங்காக இயங்கினால் வெளியேற்றத்தை மிகக் குறைவாக வைக்க முடியும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல ஆதாரம் அங்கிருந்து வந்ததே.

நைட்ரோசமைனை நார்வே முதன்முதலில் சந்தித்தது இதில் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் அங்கே ஆடுகள் கல்லீரல் நோயால் செத்தன. தீவனமாகப் போட்ட ஹெர்ரிங் மீன்தூள் கெடாமல் இருக்க நைட்ரைட் சேர்த்திருந்தார்கள். மீனின் அமைனும் நைட்ரைட்டும் சேர்ந்து என்.டி.எம்.ஏ. ஆகியிருந்தது. ஸ்ட்ரிப்பரில் நடக்கும் அதே வினைதான்.

0.3 நானோகிராம் என்பது எவ்வளவு?

ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோகிராம். வளர்ந்த ஒருவர் நாளுக்குச் சுமார் 20 கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார் என்று கொண்டால், நார்வே வரம்பில் உள்ளே போவது நாளுக்கு 6 நானோகிராம். அதே வரம்பில் 2 லிட்டர் தண்ணீர் குடித்தால் 8 நானோகிராம். மாத்திரைகளில் என்.டி.எம்.ஏ.வுக்கு அமெரிக்க மருந்துத் துறை வைத்த உச்சவரம்பு நாளுக்கு 96 நானோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவோ லிட்டருக்கு 100 நானோகிராம்.

அப்படியானால் நார்வே மிகையாகப் பயந்ததா? நான் அப்படி நினைக்கவில்லை. மாத்திரையை ஒரு நோய்க்காகத் தெரிந்து போடுகிறோம், வேண்டாமென்றால் நிறுத்தலாம். ஆலைக்குப் பக்கத்து ஊரில் பிறந்த குழந்தைக்குக் காற்றை நிறுத்த வழியில்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமையும் 2021-ல் என்.டி.எம்.ஏ.வுக்கு ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 0.2 நானோகிராம் என்றுதான் வைத்தது. இரண்டு நாடுகள் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

குடிநீருக்கு ஆபத்து உண்டா?

காற்றைவிட நீரைத்தான் நான் கவனமாகப் பார்ப்பேன். இந்தச் சேர்மங்கள் தண்ணீரில் எளிதில் கரைபவை. மழை அவற்றை ஏரி குளங்களில் சேர்க்கும். மேற்பரப்பு நீரில் வெயில் பட்டால் என்.டி.எம்.ஏ. சிதையும். ஆனால் நிலத்தடிக்கு இறங்கிவிட்டால் அங்கே வெளிச்சம் இல்லை, மண்ணிலும் அதிகம் ஒட்டாது, நெடுநாள் தங்கும். மூலக்கூறு சிறியது என்பதால் வீட்டு ஆர்.ஓ. கருவி அதை முழுதாகத் தடுக்காது. பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் இதற்கென வலுவான புறஊதா ஒளியைப் பயன்படுத்துகிறார்கள். ஊருக்கு அருகே ஏரியோ கிணறுகளோ இருந்தால், ஆலை வருவதற்கு முன்பே அந்த நீரை ஆய்வகத்தில் அளந்து பதிவு செய்துவிட வேண்டும். அந்த முதல் எண் இல்லாமல் பின்னால் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது.

அம்மோனியா பற்றி யாரும் பேசுவதில்லையே?

பேச வேண்டும். எம்.இ.ஏ. ஆக்சிஜனால் சிதையும்போது அதிகம் வெளிவருவது அம்மோனியாதான். ஐரோப்பிய சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட அறிக்கை, கார்பன் பிடிப்பு வந்தால் ஆலைகளின் அம்மோனியா வெளியேற்றம் மூன்று மடங்குக்கு மேல் உயரலாம் என்றது. விவசாயத்திலிருந்து வரும் அம்மோனியாவோடு ஒப்பிட்டால் அதுவும் சொற்பம்தான் என்றும் அதே அறிக்கை சொன்னது. ஆனாலும் அம்மோனியா காற்றில் அமிலங்களோடு சேர்ந்து நுண்துகளாக மாறுகிறது. தூசியால் ஏற்கெனவே திணறும் ஊரில் இது தனிக்கணக்கு. அசெட்டால்டிஹைடு, ஃபார்மால்டிஹைடு என்ற எரிச்சலூட்டும் வாயுக்களும் சிறிய அளவில் வரும்.

ஆலைக்குள் சிதைந்த கரைசல் எங்கே போகிறது?

புதிய எம்.இ.ஏ. நிறமில்லாதது. புகையோடு புழங்கப் புழங்க அது மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் காபி டிக்காஷன்போல் கறுத்துவிடுகிறது. ஆக்சிஜனும் சூடும் அமைனை உடைக்கின்றன, கரைசல் இரும்பை அரிக்கிறது, அரிபட்ட இரும்பு மேலும் சிதைவைத் தூண்டுகிறது. இந்த அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவியின் அடியில் தங்கும் கசடு அபாயகரக் கழிவு. நைட்ரோசமைன்களும் உலோகங்களும் அதில்தான் சேரும். முறைப்படி உயர்வெப்ப உலையில் எரிக்க வேண்டும். அந்தக் கசடை ஏற்றிப்போகும் டாங்கர் எங்கே காலியாகிறது என்பது புகைபோக்கிக்குச் சமமான கேள்வி.

தமிழ்நாட்டில் இப்படி ஆலை இருக்கிறதா?

தூத்துக்குடியில் சோடா உப்பு தயாரிக்கும் டூட்டிகோரின் ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை, நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமிலவாயுவைப் பிடிக்கும் அமைப்பை 2016-ல் நிறுவியது. பிடித்த வாயு சோடா உப்பாகவே மாறியது. லண்டனில் தலைமையிடம் கொண்ட கார்பன் கிளீன் நிறுவனத்தின் சொந்தக் கரைப்பான் அங்கே பயன்பட்டது. அப்போது உலகச் செய்தியான திட்டம் அது. பின்னர் ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் நாளுக்கு 5 டன், விந்தியாச்சலில் என்.டி.பி.சி. நாளுக்கு 20 டன் என்று சிறு ஆலைகளும் வந்தன.

இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் காற்றுத் தர நெறிகளில் உள்ள 12 மாசுகளில் அம்மோனியா உண்டு. அமைனும் நைட்ரோசமைனும் இல்லை. பட்டியலில் இல்லாததை வழக்கமான கண்காணிப்பு நிலையங்கள் அளப்பதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கந்தக டை ஆக்சைடு அமைனோடு சேர்ந்து, சூடாக்கினாலும் பிரியாத உப்புகளை உண்டாக்கிக் கரைசலைக் கெடுக்கும். எனவே அமைனுக்கு முன் கந்தகத்தை நன்றாக நீக்கியாக வேண்டும். ஆனால் 2025 ஜூலையில் மத்திய அரசு, நாட்டின் பெரும்பாலான நிலக்கரி மின்நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவி கட்டாயமில்லை என்று விலக்கு கொடுத்துவிட்டது. நாளை அதே நிலையங்களில் கார்பன் பிடிப்பு என்று யாராவது பேசினால், கந்தகத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் கேட்கலாம்.

வெளியேற்றத்தை எப்படிக் குறைப்பது?

வழிகள் இருக்கின்றன. இரண்டு அடுக்கு நீர்க் கழுவல், அதற்கு மேல் அமிலக் கழுவல் வைத்தால் அமைனும் அம்மோனியாவும் பெருமளவு நிற்கும். முன்னாலேயே நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைத்தால் நைட்ரோசமைன் உருவாவதே குறையும். பைப்பரசின் பயன்படுத்தும் ஆலைகளில் ஸ்ட்ரிப்பரை 150 டிகிரியில் இயக்கினால் அங்கே உருவான நைட்ரோசமைன் சிதைகிறது. புகைபோக்கியில் சாதாரண அகச்சிவப்புக் கருவி பி.பி.எம். அளவில்தான் பார்க்கும், அதைவிட நுட்பமான நிறமாலைமானிகள் பி.பி.பி. (நூறு கோடியில் ஒரு பங்கு) அளவு வரை பார்க்கும். இவை எல்லாம் செலவு. செலவைக் குறைக்கும் நாளில் முதலில் கைவைக்கப்படுவது இவற்றில்தான் என்பதால், அனுமதி ஆணையிலேயே எழுதி வாங்க வேண்டும்.

அமைனே இல்லாமல் பிடிக்க முடியாதா?

முடியும். சூடான பொட்டாசியம் கார்பனேட் கரைசல் ஆவியாகாது, நைட்ரோசமைனும் தராது. சுவீடனில் ஸ்டாக்ஹோம் எக்ஸெர்ஜி நிறுவனம், ஆண்டுக்கு 8 லட்சம் டன் பிடிக்கும் ஆலைக்கு இந்த முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. புகையை அழுத்துவதற்கு மின்சாரம் அதிகம் வேண்டும். குளிர்ந்த அம்மோனியா, சவ்வு வடிகட்டிகள், ஆவியாகாத அமினோ அமில உப்புகள் என்று வேறு பாதைகளும் உண்டு.

எங்கள் ஊரில் ஆலை வருகிறது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் என்ன கேட்பது?

கரைப்பானின் பெயரைக் கேட்டால் ஒரு வணிகப் பெயரைச் சொல்வார்கள், உள்ளே இருப்பது ரகசியம் என்பார்கள். அதோடு விடாதீர்கள். முழுச் சூத்திரத்தை ஊருக்குச் சொல்லாவிட்டாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுத்தாக வேண்டும் என்று கேளுங்கள். அதில் இரண்டாம்நிலை அமைன் இருக்கிறதா என்பதையாவது எல்லோர் முன்னாலும் சொல்லட்டும். மூடுபனி வழியாகப் போகும் அமைனையும் கணக்கில் எடுத்தார்களா, வெறும் ஆவியை மட்டுமா? நைட்ரமைனைச் சேர்த்தார்களா? காற்று எந்தத் திசையில் எந்த மாதங்களில் அடிக்கிறது, அந்தத் திசையில் யாருடைய கிணறு இருக்கிறது? ஆலை நின்று மறுபடி கிளம்பும் நேரங்களின் வெளியேற்றமும் ஆண்டுக் கணக்கில் வருமா? கசடை எரிக்கப் போகும் ஆலையின் பெயர் என்ன, அதற்கு அனுமதி உண்டா?

பதில்களை வாய்மொழியாக ஏற்காமல் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கிணற்று நீர் மாதிரியை ஆலை கட்டத் தொடங்கும் முன்பே, ஊர்க்காரர்கள் இருவர் உடனிருக்க எடுக்கச் சொல்லுங்கள். பாட்டில் வெளிச்சம் படாத அடர்நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் பட்டால் என்.டி.எம்.ஏ. போகும் வழியிலேயே சிதைந்து, ஆய்வகத்தில் எதுவும் இல்லை என்று வந்துவிடும்.